இடது கையால் குரோஷே பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் இருக்கும் என் அத்தை, கான்வென்ட்டில் படித்த காலத்தில் கற்றுக்கொண்ட குரோஷேயை, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலையை, இன்றும் விடாமல் செய்கிறார். 12 வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் பழக ஆரம்பித்தேன். இரண்டு வருடக் கோடை விடுமுறை முழுக்கப் பின்னியும் ஒரு சதுரம்கூட நேராக வரவில்லை. அவருக்கு வலது கைப் பழக்கம், எனக்கு இடது கை. மூன்றாவது வருடம் அத்தை, "பக்கத்துல வேண்டாம், எதிர்ல வந்து உட்காரு கண்ணு" என்றார். அன்று சாயங்காலத்துக்குள், கண்ணிக்குள் கண்ணி கோத்துத் தொடங்கும் சங்கிலியும், அதன்மேல் போடும் குட்டைப் பின்னலான சிங்கிள் குரோஷேயும் கைக்கு வந்துவிட்டன.

இப்போது சேலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துப் பேரில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம் இருக்கும் என்பார்கள். அந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், அன்று நான் பட்ட அதே சிரமங்களைத்தான் அவரும் படுகிறார். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: எதைத் திருப்பிச் செய்ய வேண்டும், எதைத் திருப்பாமல் விட வேண்டும் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. இடது கைக்காரருக்கு இடம் வலம் மாறும். மேல் கீழ் மாறாது, முன் பின் மாறாது, எண்ணிக்கையும் மாறாது. கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இதைக் குழப்பிக்கொள்வதால் வருகிறவை.

சோற்றாங்கைக்கு மாற்றுவது

"வலது கையில பழகிட்டா எல்லாம் ஈஸி" என்று வீட்டில் யாராவது சொல்லுவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் உடனே கேட்டுவிட வேண்டாம். குரோஷேயில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. ஊசி பிடிக்கும் கை நுழைக்கிறது, சுழற்றுகிறது, இழுக்கிறது. நூல் பிடிக்கும் கை ஒரே அளவு இறுக்கத்தில் நூலை விட்டுக்கொண்டே இருக்கிறது. நுணுக்கமான அசைவு அதிகம் ஊசிக் கைக்குத்தான். எந்தக் கையால் எழுதுகிறீர்களோ, பூ கட்டும்போது எந்தக் கை நாரை முடிச்சுப் போடுகிறதோ, அந்தக் கையில் ஊசியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கையில் கால் மணி நேரம், மறு கையில் கால் மணி நேரம் வெறும் சங்கிலி மட்டும் போட்டுப் பார்த்தால் கையே சொல்லிவிடும். சிலருக்கு வலது கையே வசதியாக இருக்கிறது. அவர்கள் அப்படியே தொடரலாம். மற்றவர்கள் வற்புறுத்தலுக்காக மாற்றினால் மாதக்கணக்கில் கை வலியும் எரிச்சலும்தான் மிஞ்சும்.

இடது கைக்கென்று தனி ஊசி தேடி அலைவதும் தேவையில்லை. கொக்கிக்கு இடது வலது கிடையாது. அலுமினிய ஊசியில் கட்டைவிரல் வைக்கும் தட்டையான இடமும் இரண்டு கைக்கும் பொருந்தும். கைப்பிடி ஒரு பக்கமாக வளைத்துச் செய்யப்பட்ட விலையுயர்ந்த ஊசி வாங்கினால் மட்டும் ஒருமுறை பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பாதி மட்டும் திருப்புவது

இதுதான் என்னை இரண்டு வருடம் வாட்டிய தவறு. ஊசியை இடது கையில் பிடித்துக்கொள்வோம், வரிசையையும் இடமிருந்து வலமாகப் பின்னுவோம். ஆனால் நூலைச் சுற்றும்போது மட்டும் வலது கைக்காரரின் சுழற்சி கண்ணில் பதிந்திருப்பதால் அதையே செய்வோம். அவர்கள் ஊசியில் நூல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் என்றால், நமக்குக் கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். பாதி திருப்பி, பாதி திருப்பாமல் விட்டால் கண்ணிகளின் கால்கள் குறுக்கே மாட்டிக்கொள்ளும். துணி முறுக்கிக்கொண்டு, தொட்டால் விறைப்பாக இருக்கும்.

கடிகாரம், எதிர்க்கடிகாரம் என்று மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நூல் ஊசிக்குப் பின்னாலிருந்து எழும்பி, ஊசியின் மேலாக வந்து, முன்பக்கம் விழ வேண்டும். எந்தக் கைக்காரருக்கும் இது பொது. முன் பின் மாறாது என்று சொன்னேன் அல்லவா, அதன் பயன் இதுதான். நூல் ஊசிக்கு மேலே போகாமல், ஊசி நூலுக்கு மேலே போய்க் கவ்வி இழுத்தால் சிங்கிள் குரோஷே 'வி' மாதிரி தெரியாமல் 'எக்ஸ்' மாதிரி தெரியும். பொம்மை பின்னுகிறவர்கள் சிலர் இறுக்கமாக வர வேண்டும் என்று தெரிந்தே அப்படிச் செய்வார்கள். தெரிந்து செய்தால் தவறில்லை. ஒரு வரிசையில் ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் வந்தால்தான் தொல்லை.

ஊசி நுழைப்பதும் அப்படியே. சங்கிலியின் மேல் இரண்டு இழைகளுக்கும் அடியில், முன்னிருந்து பின்னாக. இதில் கை மாற்றம் எதையும் மாற்றுவதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது

வலது கைக்காரரிடம் கற்றுக்கொண்டால் எதிரே உட்காருங்கள். அவர் வலது கை அசைவது உங்கள் இடது கைக்கு நேரே வரும், கண்ணாடியில் உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். எதிரே உட்கார இடமில்லை என்றால் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அவரை உட்காரவைத்து, கண்ணாடியில் தெரியும் கையைப் பாருங்கள். வீடியோவில் பழகுகிறவர்கள், இடது கைக்காரர் செய்த வீடியோவைத் தேடலாம். கிடைக்காவிட்டால், செல்போனில் இருக்கும் எடிட்டிங் வசதியில் வீடியோவை இடம் வலமாகத் திருப்பிவிடலாம். திரையில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும், ஆனால் கை சரியாகத் தெரியும். தொடக்கத்தில் அது போதும்.

ஆனால் ஒரே நாளில் ஒரு வலது கை வீடியோ, ஒரு இடது கை வீடியோ என்று மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். கை குழம்பிவிடும். முதல் ஒரு மாதம் ஒரே ஆசிரியர் போதும்.

ஓரங்கள் சுருங்குவதும் விரிவதும்

இது எல்லாத் தொடக்கக்காரர்களுக்கும் வருவது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பித்தானே மேலே போகிறது, குரோஷே வரிசையும் அப்படித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பின்னல் தவறிப்போகும், அல்லது ஒன்று கூடிவிடும். சிங்கிள் குரோஷேக்குத் திருப்பத்தில் 1 சங்கிலி, அதைப் பெரும்பாலும் பின்னலாக எண்ண மாட்டார்கள். அதைவிட உயரமான பின்னலான டபுள் குரோஷேக்கு 3 சங்கிலி, அதைப் பெரும்பாலும் ஒரு பின்னலாக எண்ணுவார்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் சதுரம் முக்கோணமாகிப்போகிறது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் பின்னலிலும் கடைசிப் பின்னலிலும் ஓர் ஊக்கு மாட்டுங்கள், வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். ஊசியில் தொங்கும் கண்ணியை எண்ணக் கூடாது.

இடது கைக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலது கைக்காரர் முதல் வரிசை முடிக்கும்போது தொடக்க நூலின் வால் இடப்பக்கம் கீழே தொங்கும். "வால் இடப்பக்கம் இருந்தால் அதுதான் நல்ல பக்கம்" என்று பின்னல் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். நல்ல பக்கம் என்றால் வெளியே தெரிய வேண்டிய பக்கம். நமக்கு வால் வலப்பக்கம் தொங்கும். அதைப் பார்த்துத் தப்பாகப் பின்னிவிட்டோம் என்று பிரித்துவிடாதீர்கள். சரியாகத்தான் இருக்கிறது.

வட்டமாகப் பின்னும்போது

வட்டத்தில் வலது கைக்காரரின் சுற்று, நல்ல பக்கம் தெரியப் பார்த்தால், கடிகாரத்துக்கு எதிராகப் போகும். நம்முடையது கடிகாரத் திசையில் போகும். இதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொம்மையோ தொப்பியோ பின்னும்போது கிண்ணம்போல் வளையத் தொடங்கியதும் பலர் தெரியாமல் உள்பக்கத்தை வெளியே வைத்துப் பின்னுகிறார்கள். கிண்ணத்தின் வாய் மேலே பார்த்திருக்கட்டும். உங்களுக்கு அருகிலிருக்கும் விளிம்பில் பின்னுங்கள், ஊசி வெளியிலிருந்து உள்ளே போகட்டும். எதிர் விளிம்பில் பின்னிக்கொண்டிருந்தால் நல்ல பக்கம் உள்ளே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். கிண்ணத்தைப் புரட்டிவிட்டுத் தொடரலாம், பிரிக்க வேண்டியதில்லை.

படமும் எழுத்தும்

இங்கேதான் அதிகம் ஏமாந்துபோகிறோம். நிதானமாகச் சொல்கிறேன்.

தோழியின் குழந்தைக்கு ஒரு சின்னப் பை பின்னி, அதில் பெயரின் முதல் எழுத்தான 'ச' வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "2 வெள்ளை, 3 சிவப்பு, 4 வெள்ளை" என்று வரிசை வரிசையாக எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்றினேன். முடித்துப் பார்த்தால் 'ச' இடம் வலம் மாறி நின்றது. மூன்று நாள் வேலை. அந்தக் குறிப்பு வலமிருந்து இடமாகப் பின்னுகிறவருக்கு எழுதியது, நான் பின்னியது இடமிருந்து வலமாக.

எழுத்தால் எழுதிய வண்ணக் குறிப்பு என்றால் ஒவ்வொரு வரிசையையும் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்க வேண்டும். கட்டம் போட்ட படம் என்றால் இன்னும் சுலபம். படத்தைத் திருப்பவே வேண்டாம். வலது கைக்காரர் கீழே வலது மூலையில் தொடங்குவார், நீங்கள் கீழே இடது மூலையில் தொடங்கி, முதல் வரிசையை இடமிருந்து வலமாக, அடுத்ததை வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டே போங்கள். படம் படமாகவே வரும். சிலர் முன்னெச்சரிக்கையாகப் படத்தையும் திருப்பி, தொடங்கும் மூலையையும் மாற்றுவார்கள். இரண்டு முறை திருப்பினால் படம் மறுபடி தலைமாறிவிடும்.

மேஜை விரிப்பு மாதிரி வட்டமான குறியீட்டுப் படங்களுக்கு இதற்கு நேர்மாறான யோசனை. அங்கே ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது படத்திலேயே குறித்திருக்கும், பின்னோக்கிப் படிப்பது சிரமம். செல்போனில் அந்தப் படத்தை இடம் வலமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கடிகாரத் திசையில் போங்கள். வாசலில் போடும் நட்சத்திரக் கோலம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே நட்சத்திரம்தானே. இந்த விரிப்புகளில் பெரும்பாலானவையும் அப்படிச் சமச்சீராக இருப்பதால் திருப்பியதே தெரியாது.

ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "வலது முன்பக்கம்" என்று குறிப்பில் இருப்பதை இடது கையால் பின்னினால் அது இடது முன்பக்கமாக வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்வதால் சட்டை முழுதாக வந்துவிடும், ஆனால் பட்டன் ஓட்டைகள் இடம் மாறிவிடும். பெண்கள் உடையில் ஓட்டை வலது முன்பக்கத்தில் இருக்கும். ஆகவே ஓட்டை வைக்கச் சொல்லும் வரிகளை மற்ற முன்பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

நூல், ஊசி, வெயில்

வீட்டில் பாட்டி வைத்துவிட்டுப்போன மெல்லிய எஃகு ஊசியும் வெள்ளை நூல்கண்டும் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் தொடங்க வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசி, நடுத்தரத் தடிமனுள்ள வெளிர் நிற நூல் வாங்குங்கள். கறுப்பும் கருநீலமும் இப்போதைக்கு வேண்டாம்.

சேலம் வெயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் விரல் வியர்த்து அக்ரிலிக் நூல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதால் இழுப்பு கூடும், கூடினால் சங்கிலி இறுகும், இறுகினால் அடுத்த வரிசையில் ஊசியே நுழையாது. பிள்ளைகள் தங்கள் கைக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில் பருத்தி நூலில் பழகுங்கள், மடியில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். அப்படியும் சங்கிலி இறுகினால், சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம். அத்தை வீட்டில் டிசம்பர் குளிரில் அதே அக்ரிலிக் வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே நூலைச் சுண்டுவிரலில் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அது கையைப் பொறுத்ததில்லை என்றாலும். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷே. அமெரிக்கர்களின் டபுள், பிரிட்டிஷ்காரர்களின் ட்ரெபிள். குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை.

இன்னொருவர் கையில் கொடுப்பது

பின்னல் எங்காவது மாட்டிக்கொண்டால், "இங்கே கொடு, நான் நாலு வரிசை போட்டுத் தர்றேன்" என்று வலது கைக்காரர் வாங்கிக்கொள்வார். கொடுக்காதீர்கள். நீங்கள் வரிசையை முடிக்கும் முனையிலிருந்து அவர் துணியைத் திருப்பாமலேயே பின்னத் தொடங்கிவிட முடியும். அப்படிச் செய்தால் அந்த இடத்தில் நெளிவு மாறி, துணியில் ஒரு கோடு விழுந்துவிடும், கழுவினாலும் போகாது. தனியாக ஒரு துண்டு பின்னிக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்து உங்களுடையதை நீங்களே சரிசெய்யுங்கள்.

சேர்ந்து பின்ன ஆசை என்றால் சதுரங்களாகப் பின்னுங்கள். போன மார்கழியில் அத்தையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு குழந்தைப் போர்வைக்கு, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னும் கிரானி சதுரங்கள் 36 போட்டோம். அவருடைய 18 ஒரு திசையில் சுற்றியவை, என்னுடைய 18 மறு திசையில். மாற்றி மாற்றி வைத்து ஓரம் இணைத்தோம். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பின்னல்கள் ஒன்று இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமும் லேசாகச் சாய்ந்திருப்பது தெரிகிறது. குழந்தையின் அம்மா அந்தச் சாய்வைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள்.