நீலகிரியில் மூன்று நாள் சைக்கிள் பயணம்

மே மாதத்தை விட்டுவிடுங்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஒருபக்கம். ஒருவழிப் பாதையாக்கி, இறங்கும் வண்டிகளையெல்லாம் கோத்தகிரி சாலையில் திருப்பிவிடுவது மறுபக்கம். அக்டோபர், நவம்பரில் மண்சரிவு. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் டிசம்பர், ஜனவரியை ஒட்டித்தான் வரும். பண்டிகை நடக்கும் பேரகணி கிராமத்துக்குப் போனால், கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி: சுமார் 33 கி.மீ., ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்கட்டும். குறைந்தால் முழங்கால்தான் வாங்கிக்கட்டும். குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாடும், பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். நன்றாக விடிந்தபிறகே கிளம்புங்கள்.

மறுநாள் ஊட்டி, 30 கி.மீ. வழியில் டீக்கடை கண்டால் டீயும் வர்க்கியும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் பாட்டில் போதும்.

மூன்றாம் நாள் குன்னூர் வழியாக இறக்கம். இதுதான் ஆபத்து. ரிம் பிரேக்கை (சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிப்பது) விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள். கையுறை கட்டாயம்: காலைப் பனியில் விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது.