வால்நட் டிரெஸ்ஸிங் டேபிள்: முன்பு யார் வீட்டில் இருந்தது என்று தேடும் வழி

இங்கிலாந்தில் பழைய மரச்சாமான் விற்கிறவரிடம் வால்நட் டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்றைக் காட்டி விலை கேட்டால், விலையோடு ஒரு சீமாட்டியும் சேர்ந்து வருவாள். ஏதோ பிரபுவின் மாளிகையில் அவள் தலை வாரிய மேசையாம். இருக்கட்டும். கதையைக் கேட்டுக்கொள்வேன், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க மாட்டேன். மேசை சொல்வது முதலில், காகிதம் சொல்வது அடுத்து, விற்பவர் சொல்வது கடைசியில் என்பதுதான் நான் வைத்திருக்கும் வரிசை.

முதலில் வயது. அது தெரியாமல் தேடினால், மேசை செய்வதற்கு முன்பே செத்துப்போனவரைச் சொந்தக்காரராக்கிவிடுவோம்.

வால்நட் மரத்துக்கு அங்கே மூன்று முறை மவுசு வந்தது. முதலாவது 1660க்குப் பிறகு. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பிரான்சில் வால்நட் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. 1720இல் பிரான்ஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த வருடமே பிரிட்டன் தன் அமெரிக்க, மேற்கிந்தியக் குடியேற்றங்களிலிருந்து வந்த மரத்துக்கு வரியை எடுத்துவிட, மஹோகனி மேலே வந்தது. இரண்டாவது மவுசு விக்டோரியா காலத்தின் நடுவில், சுழி சுழியாக ரேகை ஓடும் பர் வால்நட்டுக்கு. மூன்றாவது 1920, 30களில், பழைய வளைகால் மேசைகளைப் பார்த்துச் செய்த நகல்களுக்கு. 'குவீன் ஆன்' என்று என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை. ஆன் அரசி ஆண்டதே 1702 முதல் 1714 வரைதான். அவர் காலத்தில் அத்தனை மேசை செய்ய ஆள் ஏது?

சரி, உங்களுடையது எந்த வகை? டிராயர்களையெல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். முன்பக்கத்தை நம்ப வேண்டாம், அதைத் தலைமுறை தலைமுறையாகத் துடைத்து மெருகேற்றியிருப்பார்கள். டிராயர் முகப்பின் மேல் விளிம்பில் வெனீரின், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகட்டின், கனத்தைப் பாருங்கள். கை ரம்பத்தால் அறுத்தது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். இயந்திரக் கத்தி சீவியது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மூலை இணைப்பில் ஒன்றோடொன்று கோத்திருக்கும் டவ்டெயில் பற்கள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தையதாக இருக்காது. அடிப்பலகை பிளைவுட் என்றால் இருபதாம் நூற்றாண்டு, பேச்சே வேண்டாம். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். நுனி மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் 1850க்கு முந்தையது, கூராக இருந்தால் பிந்தையது. ஆனால் ஸ்க்ரூவை யாரும் மாற்றலாம், ஆகவே ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கைப்பிடிகளையும் சும்மா விடக்கூடாது. பித்தளைப் பிடியை மாற்றியவர்கள் முன்பக்கத்து ஓட்டையைப் பதமாக அடைத்திருப்பார்கள், உள்பக்கத்தை மறந்திருப்பார்கள். உள்ளே கூடுதலாக ஓட்டைகள் தெரிந்தால் பிடி பழையது அல்ல. வால்நட் வெயில் பட்டால் வெளுக்கும் மரம் என்பதால், பழைய பிடியின் தகடு இருந்த இடம் மட்டும் கருத்திருக்கும்.

அடுத்து காகிதம். பின்பலகை, டிராயரின் அடிப்புறம், கண்ணாடியின் பின்புறம் எல்லாவற்றிலும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தச்சரின் பென்சில் கையெழுத்து, சாக்பீஸ் எண், சாமானைப் போட்டுவைத்த கிடங்கு ஒட்டிய சீட்டு என்று ஏதாவது கிடைக்கும். லங்காஸ்டரின் கில்லோஸ் நிறுவனம் டிராயர் விளிம்பில் தன் பெயரைக் குத்தியது. அதன் பழைய கணக்குகள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தச் சீட்டையும் தண்ணீர் தொட்டு உரிக்காதீர்கள், படம் எடுத்தால் போதும். பழைய கண்ணாடியின் பின்பூச்சில் பாதரசம் இருக்கலாம், சுரண்டவும் வேண்டாம்.

என் மேசையின் பின்னால் பாதி கிழிந்த கிடங்குச் சீட்டு ஒன்று இருந்தது. ஒரு குடும்பப் பெயர், ஒரு தெரு, பிறகு 'லண்டன், டபிள்யூ'. எழுத்துக்குப் பின்னால் எண் இல்லை. அதுதான் துப்பு. லண்டன் அஞ்சல் வட்டங்களுக்கு எழுத்து வந்தது 1857-58இல், எண் சேர்ந்தது 1917இல். பழைய பழக்கத்தில் எண்ணை விட்டவர்களுக்காகச் சில வருடங்கள் கூடுதலாக வைத்தாலும், தேட வேண்டிய காலம் கைக்கு அடங்கிவிட்டது. அந்தக் காலத்துத் தெரு விவரப் புத்தகங்களை லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் வீட்டைப் பிடித்து, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கதவைத் தட்டினேன்: சொந்த வருமானத்தில் வாழும் ஒரு விதவை, கல்யாணமாகாத இரண்டு மகள்கள், சமையல்காரி, வீட்டு வேலைக்காரி.

இங்கே அவசரப்படக்கூடாது. சீட்டு காட்டுவது சாமானைக் கிடங்கில் போட்டவரை, கடையில் வாங்கியவரை அல்ல. வீட்டுப் பத்திரத்தைத் தேடியும் பயனில்லை. முதல் உலகப்போருக்கு முன் பெரும்பாலானோர் வாடகைக்குத்தான் இருந்தார்கள், பத்திரத்தில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். உயில் உதவும். 12 ஜனவரி 1858 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஒரே உயில் பட்டியல் உண்டு. இறந்த நாள், முகவரி, சொத்து மதிப்பு எல்லாம் பட்டியலிலேயே கிடைக்கும். உயிலில் மேசை தனியாக வருவது அபூர்வம். 'வீட்டுச் சாமான் அனைத்தும் இன்னாருக்கு' என்றுதான் இருக்கும், ஆனால் அந்த இன்னார்தான் நமக்கு அடுத்த ஆள்.

1921 வரை கணக்கெடுப்பு கிடைக்கும். 1931 ஏடுகள் 1942 தீவிபத்தில் எரிந்துபோயின, 1941இல் போரால் எடுக்கவே இல்லை. நடுவில் கைகொடுப்பது 1939 செப்டம்பரில் எடுத்த மக்கள் பதிவேடு. அதற்குப் பிறகு, இந்தக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போவதே சுலபம். நீங்கள் மேசையை ஏலத்தில் எடுத்திருந்தால், ஏலக்கூடம் விற்றவரின் பெயரைத் தராது. ஆனால் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் அனுப்பிவைக்கச் சம்மதிப்பவர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். சீட்டின் படம், இரண்டே கேள்விகள், தபால்தலை ஒட்டிய பதில் உறை போதும். நீங்கள் மேசையை என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். குறைத்து விற்றுவிட்டோமோ என்று தோன்றிவிட்டால் பதில் வராது.