வீட்டில பனீர் செய்யிறது: பாலை வேணுமெண்டே திரைய வைப்பம்

பனீர் செய்யப்போறன் எண்டு சொல்ல, ஆருக்கடி கலியாணம், ஏன் பன்னீர் எண்டு அம்மம்மா கேட்டா. இது தெளிக்கிற பன்னீர் இல்லையணை, பாலைத் திரைய வைச்சு எடுக்கிறது எண்டு விளங்கப்படுத்தினதும் இன்னும் கோவம். பால் திரைஞ்சா வீட்டுக்குக் கூடாதாம்.

முதல்ல பால். 1 லீற்றர் பசுப்பால், அண்டைக்குக் கறந்தது, தண்ணி கலக்காதது. எங்கட வன்னியில பட்டி மாடு வைச்சிருக்கிற ஆக்களிட்ட சொல்லி வைச்சா விடியவே போத்தலில தருவினம். எருமைப்பால் கிடைச்சா இன்னும் நல்லம், கொழுப்புக் கூட எண்டபடியால் பனீரும் கூட வரும். கடையில விக்கிற பெட்டிப்பால் வேண்டாம், அதை ஏற்கெனவே கடும் சூட்டில காய்ச்சித்தான் அடைக்கிறது, சரியாத் திரண்டு வராது.

2 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி எடுத்து அதேயளவு தண்ணி கலந்து வையுங்கோ. வினாகிரியும் பாவிக்கலாம். பழைய பருத்தி வேட்டித்துண்டு ஒண்டும் வேணும், சுடுதண்ணியில நல்லா அலசுங்கோ, இல்லாட்டி பனீர் சவுக்காரம் மணக்கும்.

பாலை அடிப்பிடிக்காமல் துழாவித் துழாவிக் காய்ச்சி, பொங்கி வரேக்க இறக்கி ஒரு நிமிசம் பொறுங்கோ. இனித்தான் முக்கியமான இடம். புளியைக் கரண்டி கரண்டியா விட்டு மெதுவாக் கிண்டுங்கோ. முதல்ல சின்னச் சின்னப் புள்ளியா வரும், பிறகு பஞ்சைப் பிச்சுப் போட்டமாதிரிக் கட்டியாத் திரளும், தண்ணி இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில தெளியும். தண்ணி இன்னும் வெள்ளையாக் கிடந்தா இன்னொரு தேக்கரண்டி புளி, தெளிஞ்சிட்டுதெண்டா அதோட நிப்பாட்டுங்கோ. நான் முதல் தரம் அவசரத்தில 4 தேசிக்காயையும் ஒரேயடியாப் பிழிஞ்சு விட்டு, அடுப்பையும் நூக்காமல் கொதிக்க விட்டிட்டன், கறிக்குள்ள போட்டா தம்பி "அக்கா இது அழிறப்பர்" எண்டு கோப்பை ஓரத்தில அடுக்கி வைச்சிட்டான்.

துணியில வடிச்சு, புளிப்புப் போக மேல பச்சைத்தண்ணி ஊத்தி, மூட்டையாக் கட்டி மெதுவாப் பிழிஞ்சு, தட்டையா மடிச்சு மேல ஒரு கோப்பையும் தண்ணிச் சட்டியும் பாரமா வையுங்கோ (அம்மிக் குழவி வைச்சுப் பாத்தன், உருண்டு கால்ல விழப்பாத்தது). முக்கால் மணித்தியாலம் காணும். பிறகு குளிர்தண்ணியில ஒரு மணித்தியாலம் போட்டிட்டு வெட்டினா உதிராது.

1 லீற்றருக்கு 150 இலயிருந்து 200 கிராம்தான் வரும், இவ்வளவுதானோ எண்டு ஏங்காதேங்கோ. பிரிட்ஜில தண்ணிக்குள்ள போட்டு வைச்சா 2, 3 நாள் கிடக்கும், பிரிட்ஜ் இல்லாட்டி எங்கட வெக்கைக்கு அண்டைக்கே சமைச்சிடுங்கோ. புளியில திரைஞ்சதால சூட்டுக்கு உருகாது, அதால பொரிச்சுப் பிரட்டலும் வைக்கலாம், தேங்காய்ப்பால் கறியும் வைக்கலாம்.

வடிச்ச தண்ணியை ஊத்திப்போடாதேங்கோ. அதில ரொட்டிக்கு மாக் குழைச்சா ரொட்டி மெத்தெண்டு வரும். பால் திரைஞ்சதெண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருந்த அம்மம்மா அண்டைக்கு கட்டச்சம்பலோட 3 ரொட்டி சாப்பிட்டவ, பனீரை மட்டும் இண்டைவரைக்கும் தொடேல்லை.