மனசில்லாமல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகும் மலைக்காரர்களுக்கு

மகளோ மகனோ சிங்கப்பூரில் வேலையில் இருப்பார்கள். பார்க்கப் போன நாலாம் நாள், "எங்களுக்கு லீவு கிடைக்கலப்பா, டிக்கெட் எடுத்தாச்சு, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சென்டோசா தீவிலிருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டைப் போனுக்கு அனுப்பிவிடுவார்கள். விலை 80 வெள்ளியைத் தாண்டும். அங்கே தமிழர்களுக்கு டாலர் என்றால் வெள்ளிதான். தேதி குறித்த டிக்கெட், மழை பெய்தாலும் பணம் திரும்பாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து போய் இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

கூட்டாளி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தில் தனி ஆளுக்குத்தான் வசதி அதிகம். காரணம் இருக்கைக் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற ரைடுகளில் ஒரு வரிசைக்கு நாலு சீட். மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஒரு சீட் காலி. அதை நிரப்பத்தான் 'சிங்கிள் ரைடர்' என்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள். பொது வரிசை ஒரு மணி நேரம் காட்டும்போதும் இது விறுவிறுவென்று நகரும். பலகையைப் பார்த்து அந்த வாசலில் நுழையுங்கள். "ஹவ் மெனி?" என்று கேட்டால் ஒரு விரலைக் காட்டினால் போதும். எல்லா ரைடிலும் இந்த வரிசை கிடையாது, சில நேரம் மூடியும் வைப்பார்கள். மூடியிருந்தால் அரை மணி கழித்து மறுபடி வந்து பாருங்கள். தனி ஆளுக்குக் காசு கொடுத்து, நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவது எங்களைக் கேட்டால் தண்டம்.

மலையிறங்குவதிலிருந்து தொடங்குவோம். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, நாலு நாலரை மணி நேரப் பயணம். ஊட்டியிலிருந்து பீளமேடு விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும் என்று மேப் காட்டும். அதை நம்பாமல் ஐந்து மணி நேரம் வையுங்கள். மே சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் என்று ஒருவழியாக்குவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பர்லியார்ப் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் பாதை நின்றுவிடும். விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதோடு வருகை அட்டை என்று ஒன்று, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்புவது. சிங்கப்பூர் அரசின் குடிநுழைவுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இரவு விமானத்தில் போய் இறங்கிய அன்றே பார்க்குக்குக் கிளம்பாதீர்கள்.

உடுப்பு விஷயத்தில்தான் நம் ஆட்கள் தவறு செய்வது அதிகம். ஸ்வெட்டர் போடாமல் வாசல் தாண்டிப் பழக்கமில்லை. அங்கே பகலில் 31, 32 டிகிரி, காற்றில் ஈரம், வேர்வை காயவே காயாது. மெல்லிய பருத்திச் சட்டை, சீக்கிரம் உலரும் கால்சட்டை, பின்னால் வார் வைத்த செருப்பு. ஷூ வேண்டாம், ஒருமுறை நனைந்தால் நாள் முழுக்க ஊறிக்கிடக்கும். மார்க்கெட்டில் மழைக்கு விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு ஒன்றை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே சாமானை உள்ளே வெள்ளியில் விற்பார்கள். மாற்று டி-ஷர்ட் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. பாஸ்போர்ட் வீட்டிலேயே இருக்கட்டும், படம் போனில் இருந்தால் போதும்.

தனி ஆளின் உண்மையான தொந்தரவு பைதான், பிடித்துக்கொள்ள யாருமில்லை. பெரிய ரைடுகளுக்கு எதையும் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பக்கத்திலுள்ள லாக்கரில் வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் இலவசம், அதற்கு மேல் கட்டணம். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பையை எடுங்கள். லாக்கர் எண்ணைப் படமெடுத்து வைப்பீர்கள், அப்புறம் போனையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவீர்கள். பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வதுதான் உத்தமம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டும் கயிறு வாங்கி மாட்டுங்கள்.

காலை உணவைத் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், முடித்துவிடுங்கள். உள்ளே சாப்பாட்டு விலை அதிகம், வெளிச் சாப்பாட்டையும் அனுமதிப்பதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊதா நிற ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கே விவோசிட்டி மாலின் லெவல் 3-இல் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். போக 4 வெள்ளி. இறங்க வேண்டியது ரிசார்ட்ஸ் வேர்ல்ட், முதல் நிறுத்தமே அதுதான். பார்க் வழக்கமாகப் பத்து மணிக்குத் திறக்கும், 9.40-க்கு வாசலில் நில்லுங்கள். நம் கடிகாரத்தில் அது 7.10 என்பதால் அங்கத்திய மதியத்துக்குப் பசிக்காது. எல்லாரும் பந்திக்கு ஓடும் நேரத்தில் நீங்கள் ரைடில் ஏறலாம்.

இனி வாந்தி. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கவர் கேட்கிறவர்கள், ரோலர் கோஸ்டர் என்றதும் மிரள்வார்கள். ஆனால் கோஸ்டரில் கண் பார்ப்பதும் உடம்பு உணர்வதும் ஒன்றே. பஸ் ஓட்டுகிற டிரைவருக்குக் குமட்டாததும் இதனால்தான். தவிர, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆளைப் புரட்டுவது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்ற 3டி ரைடு. மாடிக் கட்டடத்திலிருந்து விழுவதாகக் கண் சொல்லும், உடம்போ சில அடிதான் ஆடியிருக்கும். இந்தச் சண்டையில்தான் தலை சுற்றும். சுற்ற ஆரம்பித்தால் 3டி கண்ணாடியைக் கழற்றாதீர்கள், படம் இரண்டாகத் தெரிந்து இன்னும் மோசமாகும். கண்ணை மூடிக்கொண்டு முன்கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கும். மலைப்பாதைக்கு வழக்கமாக அவோமின் மாத்திரை போடுபவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். தூக்கம் வரும், அதற்குத் தயாராக இருங்கள். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். இஞ்சி மொரப்பா இரண்டு துண்டு சட்டைப்பையில் இருக்கட்டும். இதய நோய், கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் பெரிய ரைடு எதிலும் ஏற வேண்டாம்.

பார்க்கின் நடுவில் குளம், சுற்றி வட்டமாகப் பாதை. நுழைந்ததும் வலதுபுறம் திரும்புங்கள். இடதுபக்கம் மினியன் லேண்ட், 2025 பிப்ரவரியில் திறந்தது. குழந்தைக் கூட்டம் அங்கேதான் மொய்க்கும். வலதில் நியூயார்க் தெருவைத் தாண்டினால் சை-ஃபை சிட்டி. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்று இரண்டு கோஸ்டர் பின்னிக்கொண்டு நிற்கும். ஹியூமன் என்பதில் உட்கார்ந்து போவது, தலைகீழாகாது. சைலான் என்பதில் கால் தொங்கும், தலைகீழாகச் சுற்றும், உயரம் 42.5 மீட்டர். முதல்முறை என்றால் ஹியூமன் போதும்.

திறந்தவெளியில் உள்ளதை மதியத்துக்குள் முடித்துவிடுவதுதான் சூட்சுமம். பிற்பகலில் இடி இடித்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அந்தக் கூட்டம் முழுக்க உள் ரைடுகளில் வந்து விழும். குன்னூரை நனைக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் ஆண்டு முடிவில் ஊற்றும். ஆகவே ஹியூமன் முடிந்ததும், எகிப்துப் பகுதியில் நிற்காமல் நேரே லாஸ்ட் வேர்ல்டுக்கு நடந்து ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ். வட்டப் படகு, சுழன்றுகொண்டே போகும். நனையாத இடம் எது என்று தேடுவது வீண். கோட்டு போட்டும் முழங்காலுக்குக் கீழே தப்பாது. இறங்கியதும் டி-ஷர்ட்டை மாற்றிவிடுங்கள். ஈரச் சட்டையோடு ஏசிக்குள் போனால் ஊட்டி டிசம்பர்தான். பக்கத்திலேயே வாட்டர்வேர்ல்ட் காட்சி. நேரத்தை நுழையும்போதே பார்த்து வைத்து இருபது நிமிடம் முன்னால் போய், நனையும் பகுதி என்று எழுதாத வரிசையில் உட்காருங்கள். காட்சி முடிவதற்குள் கால்சட்டை பாதி காய்ந்திருக்கும்.

அப்புறம் வந்த வழியே திரும்பி எகிப்துப் பகுதியில் மம்மி. இருட்டுக்குள் ஓடி, திடீரென்று பின்பக்கமாகப் போகும் கோஸ்டர். கடைசியாக டிரான்ஸ்ஃபார்மர்ஸ். இரண்டுமே கூரைக்குள், இரண்டுக்கும் சிங்கிள் ரைடர் உண்டு. வெளியே மழை கொட்டினாலும் கவலையில்லை. கூட்டமில்லாத நாளில் இதெல்லாம் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் இருந்தாக வேண்டும் என்று யாரும் கட்டிவைக்கவில்லை. திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் கிடையாது, ஏறி உட்கார வேண்டியதுதான்.

காலையிலேயே உடம்பு சரியில்லை என்றால் உள்ளே போகவே வேண்டாம். சுழலும் பெரிய உலக உருண்டை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. அதன் முன்னால் நின்று யாரிடமாவது போனைக் கொடுத்து ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.