ஊரடங்கிலும் உலை கொதிக்க: அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் கொரோனா பரவலைத் தடுக்க 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று தமிழக அரசு அறிவித்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று விடிந்ததுமே மளிகைக் கடை வாசல்களிலும் கோயம்பேட்டிலும் ஜனம் குவிந்துவிட்டது. ஒரு மணிக்கு மூட வேண்டிய கடைகளை மூன்று மணி வரை திறந்துவைக்க அரசே அனுமதிக்க வேண்டியதாயிற்று. எந்தக் கூட்டத்தைத் தடுக்க ஊரடங்கு போட்டார்களோ, அந்தக் கூட்டத்தை அறிவிப்பே கூட்டியது.

இத்தனைக்கும் அந்த நான்கு நாளும் காய்கறி வண்டிகள் ஓடலாம், கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகள் இயங்கலாம், அம்மா உணவகங்கள் திறந்திருக்கும் என்று அதே அறிவிப்பில் இருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் இல்லை. அது தெரியாதவரை எந்த வீட்டில் உள்ளவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குத்தான் ஓடுவார்கள். பதற்றத்தில் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று மக்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்கிச் சமைக்கிற வீடுகளுக்கு நான்கு நாள் என்பது பெரிய இடைவெளி.

கடை நேரத்தைச் சுருக்குவதும் இதே வகைத் தவறு. வாங்குபவர்களின் எண்ணிக்கை குறைவதில்லை, நேரம் மட்டும் குறைகிறது. அதனால் வரிசை நெருக்கமாகிறது. பெரு நாட்டில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஆண்களுக்குச் சில நாட்கள், பெண்களுக்குச் சில நாட்கள் என்று பிரித்து வெளியே வர அனுமதித்தார்கள். வீட்டுக்குக் காய்கறி வாங்குவது பெரும்பாலும் யார் என்று யோசிக்கவில்லை. பெண்களுக்கான நாட்களில் சந்தைகள் பிதுங்கின. ஏப்ரல் 10 அன்றே அந்த விதியைக் கைவிட்டார்கள்.

இனி கோயம்பேடு. இந்தக் கதையில் பெரிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

சென்னையின் பழைய சந்தையான கொத்தவால்சாவடியின் நெரிசலைக் குறைப்பதற்காக 1996-இல் கோயம்பேட்டுக்குச் சந்தை வந்தது. காய், கனி, பூ எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். நாசிக் வெங்காயம், கோலார் தக்காளி, நீலகிரி கேரட் எல்லாம் இரவில் லாரியில் வந்திறங்கும். சுமை தூக்குபவர்கள் கடைகளுக்குச் சேர்ப்பார்கள். விடிவதற்குள் தெருக்கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் எடுத்துப் போய்விடுவார்கள். சென்னை மட்டுமல்ல, சுற்றியுள்ள மாவட்டங்களும் அதை நம்பித்தான் இருந்தன. ஒரு கோடிப் பேர் சாப்பாடு ஒரே வாசல் வழியாக வந்துபோனது. சாதாரண நாளில் அது வசதி. நோய்க் காலத்தில் அந்த வாசலில் ஒருவர் இருமினால் போதும்.

சில்லறை வியாபாரத்தை மட்டுமாவது பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றலாம் என்ற பேச்சு ஏப்ரலிலேயே நடந்தது. வியாபாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சந்தையில் தொற்று பரவியபோது, அவர்கள் பிடிவாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலரும் சொன்னார்கள்; பாதிதான் உண்மை. புது இடத்தில் கூரை இருக்கிறதா, கழிவறை உண்டா, விற்காத சரக்கை எங்கே வைப்பது, வாங்குபவர் அவ்வளவு தூரம் வருவாரா என்று கேட்பவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்விகளுக்கு நோய் வருவதற்கு முன்பே விடை வைத்திருப்பது அரசின் வேலை. வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் மக்களைத் தங்கவைப்பது என்று பட்டியல் வைத்திருக்கிறோம். சந்தையை மூட நேர்ந்தால் எங்கே மாற்றுவது என்று ஒரு பட்டியல் இருந்ததா?

மே 5-இல் சந்தையை மூடினார்கள். திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தது மே 10-இல், சுமார் 200 கடைகளோடு. பழமும் பூவும் மாதவரத்துக்குப் போயின. நடுவில் கிடந்த நாட்களில் காய்கறி விலை ஏறியது. காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் 28 அன்றுதான்.

விலையேற்றத்தைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. சந்தையிலேயே வேலை பார்த்து அங்கேயோ பக்கத்துச் சிறு அறைகளிலோ படுத்து எழுந்தவர்கள், வேலை நின்றதும் கிடைத்த லாரியில் ஏறி ஊருக்குப் போனார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியதற்குக் காரணம் இதுதான். சந்தையின் கதவைப் பூட்டலாம். அதில் உழைப்பவர்களை என்ன செய்வது என்ற திட்டம் பூட்டுக்கு முன்னால் வர வேண்டும். பரிசோதனை, தங்குமிடம், அந்த நாட்களுக்கான கூலி. மூன்றில் கூலிதான் எப்போதும் விடுபட்டுப் போவது.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் பாதிப் பாடம் கற்றிருந்தார்கள். கோயம்பேட்டை மூடவில்லை, சில்லறை விற்பனையை மட்டும் நிறுத்தினார்கள். தோட்டக்கலைத் துறை மூலம் காய்கறி வண்டிகள் தெருத் தெருவாக வந்தன. ஆனால் 24-ஆம் தேதி தொடங்கும் தளர்வில்லா ஊரடங்கை 22-ஆம் தேதி அறிவித்து, அந்த இரண்டு நாளும் கடைகளைத் திறந்துவிட்டார்கள். மறுபடியும் அதே கூட்டம்.

சரக்குப் போக்குவரத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 2020 மார்ச் 24-ஆம் தேதி மத்திய அரசின் நாடு தழுவிய ஊரடங்கு உத்தரவு உணவுப் பொருளுக்கு விலக்கு அளித்திருந்தது. ஆனால் பால் மட்டும் போனால் போதுமா? பால் பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் உறை, காய்கறிக்குச் சாக்கு, லாரிக்குப் பஞ்சர் கடை, ஓட்டுநருக்குச் சாலையோரச் சாப்பாட்டுக் கடை எல்லாம் வேண்டுமே. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, 'என்ன அத்தியாவசியப் பொருள் ஏற்றியிருக்கிறாய்?' என்று கேட்டால் ஓட்டுநர் என்ன சொல்வார்? அடுத்த நடைக்கு வரமாட்டார், அவ்வளவுதான். மார்ச் 29-இல் அத்தியாவசியம், அல்லாதது என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாச் சரக்கும் போகலாம் என்று உள்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது. காலி லாரிகளுக்கும் தடையில்லை என்று ஏப்ரலில் சொல்ல வேண்டி வந்தது. 2022-இல் ஷாங்காயும் இதே பள்ளத்தில் விழுந்தது. இரண்டரைக் கோடிப் பேர் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, காய்கறி நகரத்தின் விளிம்பு வரை வந்து நின்றது. பரிசோதனைச் சான்று, அனுமதிச் சீட்டு என்று ஓட்டுநர்கள் அலைந்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்களே அடைபட்டுக் கிடந்தார்கள்.

கடைசியாக ரேஷன். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருந்தது: வறுமைக் கோட்டுக் கணக்குப் பார்க்காத பொது விநியோகம். 2020 ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் தேதி குறித்த டோக்கன் முறையில் கொடுத்தார்கள். தேதியும் நேரமும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, காவலர்களின் லத்தியைவிட நன்றாகக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும்.

ஆனால் அட்டை இல்லாதவர்? வேறு மாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, விடுதியில் இருப்பவர், நடைபாதையில் படுப்பவர். அப்போது இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம், வைத்திருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அட்டையில்லாப் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்ததோ மே 14-இல், ஊரடங்கு தொடங்கி ஏழு வாரம் கழித்து. அதற்குள் பலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுப்பும் பாத்திரமும் இல்லாதவருக்கு அரிசி கொடுத்தும் பயனில்லை. சமைத்த சோறு வேண்டும். சென்னையில் அதைக் கொடுத்தவை அம்மா உணவகங்கள். ஒரு ரூபாய் இட்லிக்கு அட்டை யாரும் கேட்பதில்லை. ஜூன் மாத முழு ஊரடங்கில் அதுவும் இலவசமாயிற்று. அந்த அடுப்புகள் 2013 முதலே எரிந்துகொண்டிருந்தன, அதனால் முடிந்தது. நாடு முழுவதும் புலம்பெயர் தொழிலாளர்களுக்காகச் சமூகச் சமையற்கூடங்களை நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2021 ஜூன் 29 அன்று, இரண்டாம் அலை தணிந்துகொண்டிருந்த நேரத்தில்.