ஸ்டாண்ட் மிக்ஸருக்கு வேறு கம்பெனி பாகம் வாங்குகிறீர்களா?

மாவு பிசைய, கிரீம் அடிக்க உதவும் கிச்சன்எய்ட் கம்பெனியின் ஸ்டாண்ட் மிக்ஸரில் முன்பக்க மூடியைத் திறந்தால் ஒரு துளை இருக்கும். கொத்துக்கறி மெஷின், பாஸ்தா உருளை எல்லாம் மாட்டுவது அங்கேதான். வீட்டு மாடல்களில் அந்தத் துளை ஒரே அளவு என்பதால், வேறு கம்பெனிப் பாகமும் பெரும்பாலும் பொருந்திவிடும்.

கிண்ணத்துக்குள் சுழன்று மாவைக் கலக்கும் துடுப்பான பீட்டர் விஷயம் வேறு. தலை சாயும் மாடலா, கிண்ணம் மேலேறும் மாடலா, கிண்ணத்தின் கொள்ளளவு 4.5 குவார்ட்டா, 5 குவார்ட்டா (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) என்று பார்த்தே வாங்குங்கள். முதலில் காலிக் கிண்ணத்தோடு மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அடியில் உரசினால், தலை சாயும் மாடலில் கழுத்தருகே உள்ள திருகைச் சற்றே திருப்பிச் சரிசெய்யலாம்.

அப்புறம், விலை மலிவான பாகங்கள் பலவும் வெறும் அலுமினியம்தான். டிஷ்வாஷரில் போட்டால் கறுத்து, தொட்டால் கையெல்லாம் சாம்பல் கறை. கையால் கழுவி, உடனே துடைத்து வையுங்கள்.