கை முடி சிலிர்த்தால் செம்பனை அடியில் ஒதுங்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மத்தியானம் வானம் கறுத்தால் சாயங்காலம் இடிதான். மேகத்துக்குள் பனித்துகளும் குட்டி ஆலங்கட்டியும் மோதி, பெரும்பாலும் நேர்மின்னூட்டம் உச்சியிலும் எதிர்மின்னூட்டம் அடியிலும் பிரிகின்றன. அந்த அடிப்பகுதி தரையின் எலெக்ட்ரான்களை விரட்ட, தரைமேல் நேர்மின்னூட்டம் தேங்குகிறது. தொடாமலே நடக்கும் இந்த வேலைதான் நிலைமின் தூண்டல். வெட்டவெளியில் நம் தலையும் அந்த மின்னூட்டம் தேங்கும் ஒரு முனை!

அந்த மின்னூட்டத்தால் முடி குத்திட்டு நின்றால், மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கோ காருக்கோ ஓடுங்கள். பக்கம் திறந்த தகரக் கொட்டகை உதவாது.

மின்னல் பக்கத்தில் விழுந்தாலே வயரில் மின்னழுத்தம் எகிறும். டிவி, மோடம் பிளக்கை இடி தொடங்குமுன் கழற்றுங்கள். டிஷ் வயரையும் சேர்த்துத்தான். சுவிட்சை மட்டும் அணைப்பது வீண். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து மாட்டலாம்.